மறைப்பும் அழிப்பும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவர்

ஒரே நடிகர் இருவராகத் தோன்றி, ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் காட்சியைக் கண்டு வியக்காதவர் இல்லை. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'உத்தம புத்திரன்' படத்திலேயே பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். கணினி இல்லாத காலத்தில் இத்தகைய காட்சிகளுக்கு ஓர் எளிய வழி இருந்தது. காமிராவின் முன் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, மறுபாதியில் நடிகரைப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, அவரையே வேறு உடையில் எடுப்பார்கள். காமிரா இம்மியும் அசையக் கூடாது. நடிகர் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த அட்டையின் வேலையைத்தான் இன்று கணினியில் 'மாஸ்க்' செய்கிறது.

கணினியில் அசையும் படம் பல லேயர்களால் ஆனது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது அது. ஒரு லேயரில் எப்பகுதி தெரிய வேண்டும், எப்பகுதி மறைய வேண்டும் என்று வகுக்கும் எல்லையே மாஸ்க். ஒவ்வொரு புள்ளிக்கும் 'ஆல்ஃபா' என்னும் எண் உண்டு. 8 பிட் படத்தில் 0 எனில் புள்ளி முழுதும் மறையும். 255 எனில் முழுதும் தெரியும். 128 எனில் ஏறக்குறையப் பாதி தெரியும்.

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். 1856-இல் திறக்கப்பட்ட நம் இராயபுரம் இரயில் நிலையத்தின் பின்னாலிருந்து '1856' என்ற எண் எழும்ப வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் நிலையத்தின் படத்தை இட்டு, அதற்கு ஒரு நகல் எடுக்கவும். இரண்டுக்கும் நடுவில் எண்ணை வைக்கவும். மேல் நகலைத் தேர்ந்துகொண்டு, பென் கருவியால் கட்டடத்தின் ஓரமாகப் புள்ளி வைத்து வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்கவும். லேயரைத் தேர்ந்தெடுக்காமல் வரைந்தால் மாஸ்க் வராது. தனி உருவமே வரும். ஓரம் வெட்டியதுபோல் தெரிந்தால் 'ஃபெதர்' அளவைச் சற்றுக் கூட்டலாம். இனி எண்ணைக் கீழிருந்து மேலே நகர்த்தினால், அது கட்டடத்தின் பின்னாலிருந்தே எழும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். திருவொற்றியூர் லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, அவர் உடனே புரிந்துகொண்டார். கண்ணாடிமேல் செய்தித்தாளை ஒட்டிவிட்டுத்தான் அவரும் பெயின்ட் அடிக்கிறார். "பேப்பரை உரிச்சா கண்ணாடி அப்படியேதானே இருக்கும்" என்றார். மாஸ்க்கின் தலையாய பண்பு அதுவே. அது மறைக்கும், அழிக்காது. மாஸ்க்கை நீக்கினால் மறைந்த பகுதி முழுமையாகத் திரும்ப வரும்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அக்காட்சியில் கறைபட்ட நீரை மாஸ்க்கால் மறைத்து, தெளிந்த நீரைக் காட்டிவிட முடியும். பார்ப்பவரும் நம்பிவிடுவார். ஆனால் கழிமுகத்தின் எண்ணெய் அதனால் ஒரு துளியும் குறையாது. கறையை மட்டும் காட்டி, அதைக் கையால் அள்ளிய மீனவர்களை மறைத்தாலும் அது பொய்யே.

கதைப்படத்தில் மறைப்பது கலை. நடந்ததைச் சொல்லும் படத்தில் மறைப்பது ஏமாற்று. இத்தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவ நண்பர்கள், கோடு வரையுமுன் எந்தப் படத்துக்கு வரைகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.