பாடம் 14: இறகும் முடியும் ஈ ஆகும்

ஓடும் ஆற்றில் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அதன் அடியில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்ததும் அவை மேலே நீந்தி வந்து, இறக்கை விரித்துப் பறந்துபோகும். மேலே வரும் அந்த நேரம்தான் ஆபத்து! டிரவுட் மீன் 'லபக்' என்று விழுங்கிவிடும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வார்ஃப் என்ற ஆறு ஓடுகிறது. அங்கே மீன் பிடிப்பவர்கள் இந்தப் பூச்சியைப் போலவே ஒரு போலி ஈ செய்வார்கள். டி. ஈ. பிரிட் என்பவர் 1885-இல் யார்க்‌ஷயர் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

எப்படிச் செய்வது?

1. தூண்டில் முள்ளைப் பிடிகருவியில் இறுக்குங்கள். முள் கூர்மையானது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.
2. பட்டு நூலில் தேன்மெழுகு தடவி, முள்ளின் தண்டில் சுற்றுங்கள்.
3. காட்டுமுயலின் முடியைக் கொஞ்சம் எடுத்து, நூலோடு சேர்த்து விரலால் ஒரே பக்கமாகத் திரியுங்கள். பாட்டி விளக்குக்குப் பஞ்சு திரிப்பாரே, அதுபோலத்தான்!
4. திரித்த நூலை முள்ளில் சுற்றுங்கள். இதுவே ஈயின் உடம்பு.
5. முன்பக்கத்தில் கௌதாரி இறகை இரண்டு சுற்று மட்டும் சுற்றி, நூலால் முடிச்சுப் போடுங்கள்.

ஏன் இரண்டு சுற்று? மென்மையான இறகு நீரில் அசையும்போது பூச்சியின் கால்கள் போலத் தெரியும். இறகு அடர்ந்துபோனால் அப்படி அசையாது.

ஈயை ஆற்றில் வீசி, நீரோட்டத்தோடு போகவிடுங்கள். மீன் இருக்கும் இடம் வந்ததும் கோலை மெதுவாக உயர்த்துங்கள். பூச்சி நீந்தி வருவதுபோல ஈயும் மேலே எழும்பும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங் இந்த முறைக்குப் பெயர்பெற்றவர்.

மீன் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும், மீன் நோயுறலாம். சமைக்கப் போவதில்லை என்றால் உடனே நீரில் விட்டுவிடுங்கள்.

பேசிப் பார்ப்போம்

சிறுமி: மாமா, இன்னும் கொஞ்சம் முடி வைக்கட்டா?
மாமா: வேண்டாம்மா. குண்டா இருந்தா மீன் நம்பாது. ஆத்துல இருக்கிற பூச்சி எவ்வளவு ஒல்லி, பாத்தியா?
சிறுமி: ஆமா! நூல் மாதிரி இருக்கு.

பயிற்சி

1. எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்: ஆத்துல, பாத்தியா, இருந்தா, வைக்கட்டா.
2. கோலை ஏன் மெதுவாக உயர்த்த வேண்டும்? சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
3. 'விளக்குத் திரி', 'நூலைத் திரி': 'திரி' என்ற சொல் எங்கே பெயர்? எங்கே வினை?