சுகாதாரப் பாடம்: “லோ பிரஷர்” எங்கிருந்து வருகிறது?



“லோ பிரசருங்க டாக்டரம்மா, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவுட்டுடுங்க.” திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் சகோதரிகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. மறுநாள் சம்பளம் போய்விடக்கூடாதே என்ற அவசரம். அரை லிட்டர் சாதாரண குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி, உப்பு கிடையாது. சற்றுத் தெம்பு வரும், காரணம் அப்படியே இருக்கும்.

இரத்த அழுத்தம் 90/60க்குக் கீழிருந்தால் குறைவு என்கிறோம். தொல்லை ஏதுமில்லையென்றால் பலருக்கு அதுவே இயல்பு, மருந்து வேண்டாம். மயக்கமோ, கண் இருட்டுவதோ இருந்தால் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை அளக்கிறோம். மேல் அளவு 20 இறங்கினால் நீர் குறைந்ததா, இரத்தம் போனதா, மாத்திரையின் விளைவா என்று தேடுவோம்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால், டீயும் பன்னும். தண்ணீர்? கழிவறைக்கு அடிக்கடி எழுந்து போக முடியாதென்று பலர் குடிப்பதேயில்லை. அயர்னிங் மேஜையின் ஆவியில், ஒன்றரை ஷிப்ட் நின்றால் உடம்பில் என்ன மிஞ்சும்? சூரைச்செடியின்கீழ் சோர்ந்து கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் கொடுத்ததும் அடையும் தண்ணீருந்தானே!

இன்னொரு காரணத்தை அவர்களாகச் சொல்வதில்லை. உடம்புவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையை நாள்கணக்கில் விழுங்குகிறார்கள். அது வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே இரத்தம் கசியவைக்கலாம். மலம் தார்போல் கறுத்திருந்தால் அதுதான் அடையாளம்.

இரத்தசோகையையும் லோ பிரஷர் என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. சாதாரண இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிவிடும். வசதியற்றவர்களுக்கு உங்கள் காணிக்கையிலிருந்து அதைச் செய்கிறோம்.

உங்கள் சபைப் பிள்ளைகளும் இங்கே வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: பேதியானால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடிக்கட்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளிலேயே அழுத்தம் சரியக்கூடும். கைகால் சில்லிட்டாலோ, மலம் கறுத்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிறு வலித்து மயங்கினாலோ பாட்டிலைத் தேடாமல், இரவானாலும் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகட்டும்.