பூம்பாவைக்கு ஓர் அப்பா இருந்தார்

அன்புள்ள அரவிந்த்,

நீ கொடுத்துவிட்டுப் போன தாள்களை ஒரு வரி விடாமல் படித்தேன். இறந்தபின் உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருந்து, வைத்தியம் வளர்ந்த காலத்தில் எழுப்புவார்களாம். செலவுக்கு உன் ஆயுள் காப்பீட்டுப் பணம். உன் அம்மா இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உறையவைத்த எலியின் சிறுநீரகத்தை நூறு நாள் வரை வைத்திருந்து, வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்யவைத்ததாக 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்களே. ஆனால் சிறுநீரகம் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. மூளை அப்படியல்ல. பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமலிருக்க ஏற்றுகிற மருந்தே அந்த அளவில் நஞ்சு. அதற்குமேல் குளிரில் விரிசலும் விழும். பாதி நினைவோடு ஒருவன் கண் விழித்தால் அவன் நீதானா?

சரி, முழுசாகவே விழித்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். சிவில் வழக்குகளிலேயே காலம் தள்ளியவன் நான். மறுநாள் காலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உன் பெயரில் இறப்புச் சான்றிதழ் இருக்கும். அடையாறு ஃப்ளாட் வாரிசுகள் கை மாறி எங்கோ போயிருக்கும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் பிழையான பதிவை, மோசடிப் பதிவை ரத்து செய்ய வழி உண்டு. உன் பதிவில்தான் பிழையே இருக்காதே! நீ நிஜமாகவே செத்தவன்.

சாகாமலே செத்தவரான லால் பிகாரி பட்ட பாடு உனக்குத் தெரியுமா? உத்தரப் பிரதேசம், ஆசம்கர் மாவட்டத்துக்காரர். நிலத்துக்காக உறவுக்காரர்களே 1970களில் அவரை வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக்கிவிட்டார்கள். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டார், ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார், தன்னைப் போன்றவர்களைத் திரட்டி 'இறந்தோர் சங்கம்' வைத்தார். 1994இல்தான் பதிவேட்டில் அவருக்கு உயிர் வந்தது. அவருக்காவது ‘இவர்தான் அவர்’ என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தது. உனக்கு யார் சாட்சி?

செத்தவரை எழுப்புவதில் நம் மயிலாப்பூருக்கு அனுபவம் உண்டு. கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவை சன்னதியைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அந்தக் கதையை நடத்திக் காட்டுவார்கள். ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் அவள் அப்பா சிவநேசர் குடத்திலிட்டு, பட்டும் பொன்னும் சாத்திக் கன்னிமாடத்தில் காத்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்தபோது எதிரே நின்றது அந்த அப்பா. அவளைப் பாடி எழுப்பிய திருஞானசம்பந்தர் அழைத்த விதத்தையும் கவனி. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று அவளுக்குத் தெரிந்த ஊரின் திருவிழாக்களைச் சொல்லிக் கூப்பிட்டார். இருநூறு வருஷம் கழித்து உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அதன் பிறகு நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சிவநேசர் அவளைச் சம்பந்தருக்கே மணமுடிக்க நினைத்தார். உயிர் கொடுத்ததால் அவள் தனக்கு மகள் என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். அவள் கடைசிவரை கன்னிமாடத்திலேயே இருந்தாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எழுப்பியவருக்கு எழுந்தவர் மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது, பார்த்தாயா? சம்பந்தர் ஞானி, விலகிக்கொண்டார். உன்னை எழுப்பப்போவது ஒரு நிறுவனம். உன்னை ஆராய்ச்சிப் பொருளாக வைத்துக்கொள்ளுமா, செலவுக் கணக்கை நீட்டுமா, காட்சிக்கு நிறுத்துமா என்று யார் கண்டது?

எழுப்பும்வரை காப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் கல்லறையில் இப்படி வைத்திருந்த உடல்கள், பணம் வருவது நின்றதும் கேட்பாரற்று அழுகிப்போயின. 1979இல்தான் விஷயம் வெளியே வந்தது.

கையெழுத்துப் போடாதே என்று நான் தடுக்கவில்லை. போடுவதானால், எந்த நிலையில் உன்னை எழுப்பவே கூடாது என்பதை எழுத்தில் வாங்கு. இந்தத் தாள்களில் அப்படி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. எழுந்தபின் உன் கைக்கு வரும்படி தனியாக ஒரு தொகைக்கு டிரஸ்ட் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேள். எல்லாவற்றுக்கும் முன்னால் ரம்யாவிடம் பேசு. சடங்கு செய்ய உடல் இல்லாமல் நிற்கப்போகிறவள் அவள்தான். அவளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. மூன்று பேருமாக உட்கார்ந்து மூல ஒப்பந்தத்தைப் படிப்போம்.

ஆசிகளுடன்,
பெரியப்பா