தாம்பத்திய வலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: "புதுசுல வலிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

உண்மை: முதல் சில தடவை லேசாக வலிக்கலாம். மாதக்கணக்கில் வலித்தாலோ, உறவே முடியாமல் போனாலோ அது பொறுத்துப் போகிற விஷயமே இல்லை. சில பெண்களுக்கு, உறவுக்கு முயலும்போதே பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகிவிடும். கண்ணருகே விரல் வந்தால் இமை மூடிக்கொள்கிற மாதிரி. மருத்துவர்கள் இதை வஜைனிஸ்மஸ் என்பார்கள். அவள் வேண்டுமென்று இறுக்குவதில்லை. ஆனால் வீட்டில் "ஒத்துழைக்க மாட்டேங்கிறா" என்ற பழி அவள்மேல்தான் விழுகிறது. இதை வெளியே சொல்ல முடியாமல், குழந்தை இல்லை என்று மட்டும் சொல்லிக் கருத்தரிப்பு மையத்துக்குப் போகிற தம்பதிகளும் உண்டு.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர்களை வைத்து அவளே தன் வேகத்தில் செய்யும் பயிற்சி, கணவனும் கூட உட்காரும் ஆலோசனை. பயிற்சி முடியும்வரை உறவுக்கு வற்புறுத்தவே கூடாது. இந்த ஒன்றைக் கணவன்மார் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உறவின்போது அடிவயிற்றின் ஆழத்தில் வலித்து, மாதவிலக்கிலும் துடிக்க வைத்தால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "வெள்ளைப்பட்டா எலும்பு உருகுது."

உண்மை: எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறமற்றோ வெண்மையாகவோ, அரிப்பும் நாற்றமும் இன்றிக் கசிவது இயல்பு. தயிர்த்திப்பி போல வந்து அரித்தாலோ, மீன்வாடை அடித்தாலோ தொற்றாக இருக்கலாம். டிரைகோமோனாஸ் என்று தெரிந்தால் கணவனுக்கும் மருந்து வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவாதீர்கள். காக்கும் நுண்ணுயிர்கள் அழிந்துபோகும்.

நம்பிக்கை: "தூரம் நின்னாச்சு, இனிமே இதெல்லாம் எதுக்கு?"

உண்மை: ஆசைக்கு வயது வரம்பில்லை. ஆனால் மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு எரியலாம். சிறுநீர்த்தொற்றும் அடிக்கடி வரலாம். பாலூட்டும் தாய்மாருக்கும் இந்த வறட்சி உண்டு. நீர்த்தன்மையுள்ள ஜெல் உதவும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு, ஜெல் போதாவிட்டால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகோ, எந்த வயதிலும் உறவுக்குப் பின்னோ ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும் தள்ளிப்போடாமல் மகளிர் நல மருத்துவரிடம் போய்க் கருப்பையையும் கருப்பை வாயையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.