ப்ளூ லேபிளுக்கு மாற்று: ஸ்பே கரையில் மூன்று நாள்

ஸ்காட்லாந்துக்குப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். மாமாவோ மச்சானோ ஒருவர் தனியே அழைத்து, "வரும்போது ஒரு ப்ளூ லேபிள்" என்பார். டூட்டி ஃப்ரீயில் அட்டையைத் தேய்த்தால் வேலை முடிந்தது. ஆனால், பிரிட்டன் கடைகளில் பெரும்பாலும் 150 பவுண்டைத் தாண்டும் அந்த ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்மூத்தா இருக்கும், தொண்டையில எரியாது" என்பதைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள்.

அந்த ஸ்மூத் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதே சுகம் பாதி விலையிலும் அதற்குக் குறைவாகவும் கிடைக்கும். தெரிந்துகொள்ளத் தோதான இடம், வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஸ்பே நதி ஓடும் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய ஐம்பது டிஸ்டில்லரிகள் இங்கே நெருங்கி நிற்கின்றன. மூன்று நாள் ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன்

ஸ்காட்ச் என்று பெயர் வைக்க வேண்டுமானால் சரக்கு ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். லேபிளில் 12, 18 என்று எண் இருந்தால், அது உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதன் வயது. ப்ளூ லேபிளில் எந்த எண்ணும் கிடையாது. பத்தாயிரம் பீப்பாயில் ஒன்றுதான் அதற்குத் தேறும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் தொண்டையில் எரியாமல் இறங்குவதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு: வடிகலனின் வடிவம், பீப்பாய், காத்திருந்த ஆண்டுகள், கலவை. இந்தப் பயணத்தில் அவற்றை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

தங்குவதற்கு எல்கின் நகரம் வசதி. இன்வர்னஸ், அபர்டீன் இரண்டு பக்கமிருந்தும் ரயில் உண்டு. எல்கினிலிருந்து ராத்திஸ், க்ரெய்கெல்லக்கி, அபர்லவர் வழியாக டஃப்டவுனுக்குப் பேருந்து போகிறது. காரை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் ஓட்டுநருக்கு எல்லை, இங்கிலாந்தைவிடக் கண்டிப்பு. ஓட்டுபவர் என்று சொன்னால் பல இடங்களில் உங்கள் பங்கைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இரவு அறைக்கு வந்து ருசிக்கலாம். எல்லா இடத்துக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் வார இறுதிகளில் பல இடங்கள் மூடியிருக்கும்.

முதல் நாள்: நீண்ட கழுத்து

ராத்திஸில் இருக்கும் க்ளென் க்ராண்ட் 1840-ல் தொடங்கியது. இங்கே பார்க்க வேண்டியது செம்பு வடிகலன்களின் உயரத்தை. ஆவி அவ்வளவு தூரம் ஏறும்போது கனமான, கரகரப்பான பொருள்கள் களைத்துப்போய்த் திரும்பக் கீழே விழுகின்றன. தப்பி மேலே போவதையும் ஒரு குளிர்ந்த பாத்திரம் மறித்துச் சலித்து அனுப்புகிறது. கடைசியில் வருவது மெல்லிய, பழவாசனை அடிக்கும் சாராயம். பீப்பாய்க்குள் போகும் முன்பே பாதி ஸ்மூத் ஆகிவிட்டது என்று அர்த்தம். இதன் 18 வயது பாட்டிலை இங்கே ருசித்துப் பாருங்கள். பின்புறத் தோட்டத்தில் ஓடை வரை நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த இடத்துக்கு நாக்கு தயாராகும்.

அடுத்த இடம் கார்டூ. பேருந்து கிடையாது, டாக்ஸிதான். இதற்கு அவசியம் போக வேண்டும், ஏனென்றால் இது ஜானி வாக்கரின் ஸ்பே வீடு. 1800-களின் தொடக்கத்தில் ஹெலன் கம்மிங் என்ற பெண்மணி இங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கலால் அதிகாரிகள் வந்தால், ரொட்டி பிசைகிற பாவனையில் கையெல்லாம் மாவோடு வாசலுக்கு வருவாராம். அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் சிவப்புக் கொடியை ஏற்றுவாராம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொடியைப் பார்த்துத் தங்கள் பானைகளை ஒளித்துக்கொள்வார்கள். 1824-ல் குடும்பம் உரிமம் வாங்கியது. 1893-ல் ஹெலனின் மருமகள் எலிசபெத் டிஸ்டில்லரியை வாக்கர் கம்பெனிக்கு விற்றார்.

கார்டூ 12 வயது: தேன், ஆப்பிள், லேசான முடிவு. ப்ளூ லேபிள் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. புதிதாகக் குடிப்பவருக்கு இதைத் தயங்காமல் கொடுக்கலாம். "ஜானி வாக்கர் என்ற பெயர் இருந்தே ஆகணும்" என்று அடம் பிடிக்கும் மாமாவுக்கு அதே குடும்பத்தின் 18 வயது பாட்டில் இருக்கிறது. வயது எழுதியிருக்கும்; விலையோ ப்ளூவில் பாதிதான் இருக்கும். தானிய விஸ்கி சேராத, முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் மால்ட் மட்டுமே கலந்த 15 வயது க்ரீன் லேபிள் இன்னும் மலிவு. கொஞ்சம் புகைவாசனை அடிக்கும், அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.

இரண்டாம் நாள்: மரம்

காலையில் க்ரெய்கெல்லக்கியின் பீப்பாய்ப் பட்டறைக்குப் போங்கள். மேல்தளக் கண்ணாடி வழியே கீழே வேலை நடப்பதைப் பார்க்கலாம். இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குகிறார்கள். பலகை இடுக்கில் காய்ந்த கோரைப்புல்லைச் செருகுகிறார்கள். உட்புறத்தை நெருப்பில் கருக்குகிறார்கள். பசை, ஆணி எதுவும் கிடையாது. விஸ்கியின் நிறமும் வெனிலா இனிப்பும் பெருமளவு அந்தக் கருகிய மரத்திலிருந்து வருபவை. அமெரிக்க பர்பன் பீப்பாய் வெனிலா கொடுக்கும். ஸ்பெயினின் ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சை, அத்திப்பழச் சுவை கொடுக்கும்.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பால்வெனி 12 வயது டபுள்வுட். முதலில் பர்பன் மரம், பிறகு சில மாதம் ஷெர்ரி மரம். டஃப்டவுனில் இருக்கும் பால்வெனிக்குள் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. உள்ளூர் பார் எதிலாவது ஒரு பெக் கேளுங்கள், கிடைக்கும்.

பிற்பகலில் அபர்லவருக்கு மேற்கே க்ளென்ஃபார்க்ளஸ். 1865-லிருந்து ஒரே க்ராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ராத்திஸ் க்ராண்ட் வேறு, இவர்கள் வேறு. ருசிக்கும் அறையின் மரப்பலகைகள் 'எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா' என்ற பழைய கப்பலிலிருந்து கழற்றி வந்தவை. ஷெர்ரி மரம்தான் இவர்கள் பலம். 15, 21, 25 என்று வரிசையாக வயது ஏறுவதை ஒரே மேசையில் ருசிக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து காற்றில் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். வயது ஏற ஏற விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆடம்பரம் தெரிய வேண்டும், ஆனால் ப்ளூவை எட்டக் கூடாது என்றால் என் ஓட்டு இந்த 15-க்கு.

மூன்றாம் நாள்: கலவை

ரயிலில் கீத். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் ஸ்ட்ராத்தைலாவுக்கு; 1786-ல் தொடங்கியது, சீவாஸ் ரீகலின் வீடு. மால்ட் விஸ்கியோடு லேசான தானிய விஸ்கி கலக்கும்போது முரட்டு மூலைகள் மழுங்குகின்றன. ப்ளூ லேபிளின் வழுக்கலுக்கும் இதில் பங்குண்டு. சீவாஸ் 18 அதே வேலையைப் பாதி விலைக்குள் செய்துவிடும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக வந்த ராயல் சல்யூட் 21 பீங்கான் குடுவையில் ஜம்மென்று இருக்கும். ஆனால் அது சிக்கனம் இல்லை. விலை ப்ளூவின் பக்கத்தில் போய் நிற்கும்.

ருசிக்கும் முறை

கீழே பருத்து மேலே குறுகிய கிளாஸ் கேளுங்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தால் மூக்கு எரியாது. முதல் மிடறு சும்மா வாயை நனைக்கத்தான், இரண்டாவதில்தான் தீர்ப்பு. பிறகு மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். எரிச்சல் அடங்கி வாசனை மேலே வந்தால், நீங்கள் தேடும் ஸ்மூத்துக்குப் பெரிய விலை தேவையில்லை, சொட்டுத் தண்ணீர் போதும் என்று பொருள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடத்தில் எல்லாமே ஸ்மூத்தாகத்தான் தெரியும்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

பார்த்த இடத்திலெல்லாம் வாங்காமல் குறித்துக்கொண்டு மட்டும் வாருங்கள். கடைசி மாலை எல்கினில் கார்டன் அண்ட் மெக்ஃபைல் கடைக்குப் போங்கள். 1895-ல் மளிகைக் கடையாகத் தொடங்கியது. ஜான் வாக்கரும் 1820-ல் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்துத்தான் ஆரம்பித்தார் என்பதை அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துக் கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டுமே. சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் வழக்கமும் 2021-லிருந்து இல்லை. ஆகவே டூட்டி ஃப்ரீ விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். அங்கே பாட்டில் 700 மில்லி. மூன்று வாங்கினால் 2.1 லிட்டர், 100 மில்லிக்காகச் சுங்க மேசையில் நிற்க நேரிடும். இரண்டோடு நிறுத்துங்கள். துணியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். குடிக்காத வீட்டாருக்கு அபர்லவரின் வாக்கர்ஸ் ஷார்ட்பிரெட் டப்பா. பெயர்தான் ஒன்று, ஜானி வாக்கரோடு உறவில்லை.

மாமா நீல அட்டைப்பெட்டியைத் தேடி முகம் சுளிக்கக்கூடும். கார்டூவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையில் மாவோடு வாசலுக்கு வந்த ஹெலன் கதையை ஆரம்பியுங்கள். சிவப்புக் கொடி ஏறும் முன் இரண்டாவது பெக்குக்கு கிளாஸை நீட்டுவார்.