மலைக்குப் போகும் ஜீப்

விடியற்காலை. இன்னும் இருட்டு விலகவில்லை. தேனி மாவட்டத்தின் பல ஊர்களில் அதற்குள் அடுப்பு எரிகிறது. பெண்கள் சோறு பொங்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடிவருகிறார்கள். அங்கே ஜீப் நிற்கிறது.

இவர்கள் எங்கே போகிறார்கள்? கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து தினமும் மலை ஏறுகிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை பக்கம் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் மலை இறங்கி வீடு திரும்புகிறார்கள். வீடு ஒரு மாநிலம். வேலை இன்னொரு மாநிலம்.

மூன்று பாதைகள்

மலை ஏற முக்கியமான பாதைகள் மூன்று. ஒன்று குமுளிப் பாதை. இன்னொன்று கம்பம்மெட்டுப் பாதை. மூன்றாவது போடிமெட்டுப் பாதை. இது கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் வருகிறது. போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கீழே வெயில் அடிக்கும். மேலே மூடுபனி இறங்கும். மழைக்காலத்தில் மண் சரியும், பாறை உருளும்.

ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. செடியின் அடியில் சரம் சரமாகக் காய்க்கும். முற்றிய காயை மட்டும் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். இதற்கு நிறையக் கைகள் தேவை. அதனால்தான் தோட்டங்களுக்குக் கீழ்நாட்டு ஆட்கள் வேண்டியிருக்கிறது. மேலே கூலியும் கூடுதல். அதனால் இவர்களும் போகிறார்கள்.

பஸ் இல்லையா?

பஸ் உண்டு. ஆனால் பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். தோட்டம் உள்ளே இருக்கிறது. கல்லும் மேடுமான பாதையில் ஜீப்தான் ஏறும். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அந்த பஸ்ஸும் தோட்டம் வரை போகாதே!

பாலக்காட்டைப் பாருங்கள். அங்கும் இரு மாநிலத்து மக்கள் தினமும் எல்லை தாண்டுகிறார்கள். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கும், கோயம்புத்தூரிலிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் போய்வருகிறார்கள். அங்கே மலைக்கு நடுவே பெரிய கணவாய் இருக்கிறது. வாளையார் வழியாக ரயில் ஓடுகிறது. மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் போதும். இடுக்கி எல்லையில் அப்படிக் கணவாய் இல்லை. ரயில் போடியோடு நின்றுவிடுகிறது. மலையின் அமைப்பே மனிதர் போகும் வண்டியை முடிவு செய்கிறது.

வழி அடைத்தால்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியது. எல்லையில் பதற்றம் ஏற்பட்டது. தொழிலாளர்கள் மலை ஏற முடியவில்லை. 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. அப்போதும் எல்லை அடைத்தது. பாதை அடைத்தால் அடுப்பும் அணைந்துவிடும்.

ஜீப்பில் எத்தனை பேர்?

ஜீப்பில் இடம் கொஞ்சம். ஏறுபவர்கள் அதிகம். பின்னால் தொங்கிக்கொண்டு போவதும் உண்டு. இந்த மலைப்பாதைகளில் ஜீப் கவிழ்ந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். வேலைக்குப் போன தாய் வீடு திரும்பாத துயரம் பல குடும்பங்களுக்கு உண்டு.

ஒரு பெண் டிரைவரிடம் கேட்டார்:

"தம்பி, இது மஞ்சள் போர்டு வண்டியா?"

"என்னக்கா, புதுசாக் கேக்குறீங்க?"

"இப்பத்தானே படிக்கக் கத்துக்கிட்டேன். அதான் கேக்குறேன்."

அவர் கேட்டது சரியான கேள்வி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்த வண்டி. சொந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதும் சிக்கலாகும். எத்தனை பேர் ஏறலாம் என்பது வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் கூடுதலான ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

ஆனால் ஒருவர் மட்டும் கேட்டால், "நீ இறங்கிக்கோ" என்பார்கள். அன்றைய கூலி போய்விடும். ஜீப்பில் வரும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் இன்னொரு வண்டி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடக்கலாம். வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கலாம். அந்த விபத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், அது வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும். இழப்பீடு கேட்க வழி உண்டு.

ஆனால் தொடர்பைக் காட்ட வேண்டும். தினக்கூலி ஆளுக்குப் பல இடங்களில் சீட்டு ஏதும் கிடையாது. "இவர் எங்கள் தோட்டத்து ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இங்கேதான் நம் எழுத்து உதவும். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து வரி எழுதுங்கள்:

தேதி
ஜீப்பின் எண்
தோட்டத்தின் பெயர்
வேலைக்குக் கூப்பிட்டவர் பெயர்
வாங்கிய கூலி

நோட்டை வீட்டில் வையுங்கள். அது இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரியட்டும். நோட்டு மட்டுமே போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பேச்சைவிட அதற்கு வலு அதிகம். கூலியில் தகராறு வந்தாலும் இதே நோட்டு உதவும்.

வழக்குக்குப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். விபத்து நடந்தால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மலைப்பாதை நம் கையில் இல்லை. மழையும் நம் கையில் இல்லை. பேனா நம் கையில் இருக்கிறது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எந்த வண்டியில் போகிறார்கள்?
2. நீங்கள் போகும் வண்டியின் பலகை என்ன நிறம்?
3. ஜீப்பில் கூட்டத்தைக் குறைக்க உங்கள் குழு என்ன செய்யலாம்?

எழுதிப் பாருங்கள்

டி.என். 60 என்பது தேனி வண்டி. கே.எல். 06 என்பது இடுக்கி வண்டி. கே.எல். 09 என்பது பாலக்காட்டு வண்டி. நாளைக் காலையில் நீங்கள் ஏறும் வண்டியின் எண்ணைப் படித்து இங்கே எழுதுங்கள்: ....................