புகையும் காரணமும்: டர்போ இயக்கியின் பழுதறிதல்

மலைமேற் புகை கண்டவிடத்து ஆங்கே தீ உண்டெனத் துணிதல், கருதல் அளவைக்கு அளவை நூலார் தொன்றுதொட்டுக் காட்டிவரும் எடுத்துக்காட்டாம். டீசல் கார் ஒன்றின் பின்னே எழும் கரும்புகையைக் கண்டு இன்ன உறுப்பே பழுதெனத் துணிய முற்படுவார்க்கு அவ்வளவை அத்துணை எளிதிற் கைகொடாது. ஈண்டுப் புகை ஒன்று, காரணம் பல. தமிழாசிரியனுக்கு இயந்திரத்தில் யாது வேலை என வினவும் அன்பர் உளர். 2013ஆம் ஆண்டு தொடக்கம் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பவியற் பிரிவு நடைபெற்றுவரும் இந்நாட்டில், காரணத்தையும் காரியத்தையும் பிறழாது தமிழிற் சொல்லப் பழகுதல் தமிழ் வகுப்புக்கும் உரிய வேலையே.

டர்போ என்பது ஓர் அச்சின் இருபுறத்தும் அமைந்த இரு சிறு சக்கரங்கள். இயந்திரம் கழித்துவிடும் வெப்பவாயு ஒன்றைச் சுழற்ற, மற்றையது புறக்காற்றை அமுக்கி உருளைகளுட் செலுத்தும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். தொடக்கக் காலத்தில் இதனைப் பயன்கொண்டவற்றுட் கப்பல்களும் அடங்கும். நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களின் டீசல் இயந்திரங்களிலும் இதுவே தொழிற்படுகின்றது. டர்போ பூட்டிய டீசல் கார் விற்பனைக்கு வந்தது மிகப் பிந்தி, 1978இல், மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்டி வாயிலாக.

இச்சக்கரம் நிமிடத்துக்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அதனை அடக்கியாளுதல் வேண்டும். இக்காலத்து டீசல் கார்கள் பலவற்றில் வாயு புகும் வழியிற் சிறு இதழ்கள் வட்டமாக நிற்கும். இயந்திரம் மெல்ல ஓடுங்கால் அவை ஒடுங்கி வாயுவை விரைவுபடுத்தும். விரைந்து ஓடுங்கால் அகன்று வழிவிடும். அவ்விதழ்களை ஒரு தண்டு கொண்டு அசைக்கும் உறுப்பே இயக்கி. கராச்சில் அக்சுவேற்றர் என்பர். சிலவற்றில் வெற்றிடத்தால் இழுபடும் இரப்பர்ச் சவ்வும், சிலவற்றிற் சிறு மின்மோட்டாரும் இத்தொழிலைச் செய்யும்.

இயக்கி பழுதுற்றால் ஏற்றத்தில் இழுவை குன்றும், எச்சரிக்கை விளக்கு எரியும், கரும்புகையும் தோன்றலாம். இதழ்கள் ஒடுங்கியபடியே இறுகினால் அமுக்கம் மிகும். அப்போது கணினி எரிபொருளைக் குறைத்து வண்டியைத் தளர்நடையில் விட்டுவிடும். குறிவாசிப்புக் கருவி பி 0299 எனக் காட்டின் அமுக்கம் குறைவு. பி 0234 எனின் மிகை. ஆயினும் இக்குறிகள் நோயின் குணத்தைக் கூறுவனவேயன்றி நோயுற்ற உறுப்பைக் கூறுவன அல்ல. இதனை மறந்தவிடத்தே வீண்செலவு பிறக்கின்றது.

சல்லியில் எம் அயலவர் ஒருவர் டீசல் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். குறைவமுக்கக் குறி கண்ட கராச்சு ஒன்றில் டர்போ முழுவதையும் மாற்றல் வேண்டுமென்றனர். மனையாளின் நகையை ஈடுவைக்க அவர் ஒருப்பட்டிருந்த வேளையில், படகு இயந்திரங்களிற் பழகிய நம் பழைய மாணவர் ஒருவர் தண்டைக் கழற்றி நெம்புகோலை விரலால் அசைத்துப் பார்த்தார். அது தடையின்றி அசைந்தது. கிழிந்திருந்தது சவ்வு மாத்திரமே. நகை பெட்டியிலேயே இருந்தது.

அவர் கைக்கொண்ட ஒழுங்கு மாணவர் கருதத்தக்கது. முதலிற் காற்று வடி, பின்னர்க் காற்றுக் குழாய்களின் வெடிப்பு, அதன்பின் வெற்றிடக் குழாய்கள். காசு செலவில்லாதவற்றை முன்னே நோக்கினார். அடுத்துக் கைப்பம்பியை இயக்கியிற் பொருத்தி வெற்றிடம் இழுத்தார். பம்பியின் முள் நில்லாது இறங்கின் சவ்வு கிழிந்ததெனக் கொள்ளலாம். முள் நின்றும் தண்டு அசையாதாயின், தண்டைப் பிரித்து நெம்புகோலை அசைத்துப் பார்த்தல் வேண்டும். அது இறுகியிருப்பின் குற்றம் இயக்கியினதன்று. கரி படிந்த இதழ்களினது. அந்நிலையிற் புதிய இயக்கி பூட்டியும் பயனில்லை. சல்லி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுத் தண்டின் மூட்டையும் மின்னிணைப்பு முனைகளையும் அரிப்பதால், அவ்விரண்டையும் துடைத்து நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுக.

மாற்றுங்கால் இயந்திரம் நன்கு குளிர்ந்திருத்தல் இன்றியமையாதது. மின்கலத்தின் எதிர்முனையையும் கழற்றிவிடுக. துருவேறிய நட்டுகளுக்கு எண்ணெய் இட்டுப் பொறுத்திருக்க வேண்டும். வலிந்து திருகின் முறிந்து வேலை இரட்டிக்கும். பழைய தண்டின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்க. புதிய உறுப்பின் இலக்கம் பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும். வெற்றிட வகையிற் கைப்பம்பி கொண்டு, உற்பத்தியாளர் குறித்த அளவிலே தண்டு அசையத் தொடங்குமாறு நீளத்தை ஒழுங்குசெய்வர். மின் வகைகள் பலவற்றைக் கணினிக்குக் கருவி கொண்டு அறிமுகஞ் செய்யாவிடிற் புதிய இயக்கியும் பழையது போலவே நிற்கும். நெம்புகோலின் எல்லைத் திருகாணியை எக்காரணங் கொண்டுந் தொடலாகாது. தொழிற்சாலையில் அளந்து வைத்ததை ஊகத்தால் மீட்டல் அரிது.

ஈற்றிற் குறிகளை அழித்து, இரண்டொருவரை ஏற்றி நிலாவெளி வீதியிற் சிறிது தூரம் ஓட்டிவருக. திரும்பியதும் மீண்டுங் குறி வாசித்து, ஒன்றுந் தோன்றாதாயின் வண்டியை உடையவரிடம் ஒப்படைக்கலாம்.